கதவை உடைக்காம உள்ள வர்ற கிருமி: வாசகர் கேள்விகளும் அக்கா பதில்களும்

போன மாசம் முட்டைய பத்தி எழுதுனப்ப நடுவுல ஒரே ஒரு வரி போட்டிருந்தேன், சால்மனெல்லா கிருமி நம்ம குடல் செல்லுக்குள்ள ஊசி மாதிரி ஒன்ன வச்சு தன்னோட புரோட்டீன ஏத்துதுன்னு. அந்த ஒரு வரிக்கு இவ்ளோ மெயிலும் வாட்ஸ்அப்பும் வரும்னு நான் நெனைக்கவே இல்ல. முட்டைய பத்தி எழுதுனத எல்லாரும் விட்டுட்டீங்க, ஊசிய மட்டும் புடிச்சிக்கிட்டீங்க. எனக்கு அதுல ரொம்ப சந்தோஷம், ஏன்னா முப்பது வருஷம் மைக்ரோபயாலஜி லேப்ல கல்ச்சர் தட்டு பார்த்தவ நான், இந்த விஷயத்த யாராவது கேட்க மாட்டாங்களான்னு இருந்தவ. அதனால இந்த மாசம் எல்லா கேள்வியும் இதுதான்.

கேள்வி: அக்கா, ஊசின்னு எழுதியிருந்தீங்களே, அது சும்மா புரியறதுக்காக சொன்னதா, இல்ல நெஜமாவே பாக்டீரியாகிட்ட ஊசி இருக்கா? எங்க ஜேசி பயாலஜி நோட்ஸ்ல இதப்பத்தி ஒன்னுமே இல்ல. (தெம்பனிஸ் வாசகி)

நெஜமாவே இருக்கும்மா. 1998ல ஹோர்கே கலான், ஷின்-இச்சி ஐசாவா இவங்க குழு சால்மனெல்லாவோட உறைய எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புல வச்சு பார்த்தப்ப, உறைய குத்திக்கிட்டு வரிசையா முள்ளு முள்ளா நின்னுச்சு. அத தனியா பிரிச்சு எடுத்து பார்த்தா, கீழ அடுக்கடுக்கா வளையம், அந்த வளையம் கிருமியோட ரெண்டு உறையையும் தாண்டி வெளிய வருது, அதுக்கு மேல நேரா ஒரு குழாய், கிளினிக்ல போடுற சிரிஞ்ச தலைகீழா நிறுத்தி வச்ச மாதிரியே இருக்கும். அந்த படத்த நான் மொதல் தடவ ஒரு ஜர்னல்ல பார்த்தப்ப வேலைய அப்படியே போட்டுட்டு பக்கத்து பெஞ்சுல இருந்தவங்கள கூப்பிட்டு காட்டுனேன், இன்னும் ஞாபகம் இருக்கு. இதுக்கு புக்ல போடுற பேரு டைப் 3 சுரப்பு அமைப்பு, லேப்ல நாங்க பேசும்போது வெறும் டைப் த்ரீன்னு சொல்லுவோம்.

எவ்ளோ சின்னதுன்னு கேட்டா, கிருமியே ரெண்டு மைக்ரான் நீளம்தான், அதுல இந்த குழாய் வெளிய நீட்டிக்கிட்டு இருக்குறது சுமார் 60 நானோமீட்டர், நம்ம தலைமுடி ஒன்னோட குறுக்களவுக்கு ஆயிரம் ஊசிக்கு மேல வரிசையா அடுக்கலாம். குழாய்க்கு உள்ள இருக்குற ஓட்டை ரெண்டு மூனு நானோமீட்டர்தான். இங்கதான் எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம் வருது. புரோட்டீன்னா அது நூல்கண்டு மாதிரி சுருண்டு உருண்டையா இருக்கும், அந்த உருண்டை இந்த ஓட்டையில நுழையவே நுழையாது. அப்ப எப்படி போகுது? இடியாப்பம் புழியுறத நெனச்சுக்கோங்க. மாவு உருண்டைய அச்சுல போட்டு அமுக்குனா நூல் நூலா எறங்குதுல்ல, அதே மாதிரி ஊசியோட அடியில ஒரு புரோட்டீன் உக்காந்துகிட்டு, செல்லோட எரிபொருளான ஏடிபிய எரிச்சு, வர்ற புரோட்டீனோட சுருள பிரிச்சு விடுது, பிரிஞ்ச நூல் ஒத்தையா குழாய்க்குள்ள போகுது. நூல உள்ள தள்ளுறதுக்கான சக்தியில பெரும் பங்கு கிருமியோட உறைக்கு ரெண்டு பக்கமும் இருக்குற மின்சார வித்தியாசத்துலேர்ந்து வருது. இடியாப்பத்துல இல்லாத ஒன்னு இங்க இருக்கு, அந்த பக்கம் நம்ம செல்லுக்குள்ள எறங்குன நூல் மறுபடியும் தானே சுருண்டு பழைய வடிவத்துக்கு வந்து உடனே வேலைய ஆரம்பிச்சுடுது.

ஊசி பேசாம குத்திடுமான்னா அதுவும் இல்ல. மொனையில ஒரு புரோட்டீன் தொப்பி மாதிரி இருக்கு, நம்ம செல்ல தொட்டதும் மொதல்ல ரெண்டு புரோட்டீன் வெளிய வந்து நம்ம செல்லோட உறையில ஒரு ஓட்டைய கட்டுது, அந்த ஓட்டை வழியாதான் மத்த எல்லாமே போகும். தொட்டதுலேர்ந்து சரக்கு எறங்க ஆரம்பிக்க ஒன்னு ரெண்டு நிமிஷம் போதும்.

இன்னொன்னு, உங்க நோட்ஸ்ல கண்டிப்பா ஃபிளாஜெல்லம் இருக்கும், கிருமி நீந்துறதுக்கு வச்சிருக்குற வால். அந்த வாலோட அடிப்பகுதியும் இந்த ஊசியோட அடிப்பகுதியும் பங்காளிங்க, ஒரே பரம்பரை. நீந்துறதுக்கு இருந்த மெஷினோட வகையறாவுலேர்ந்துதான் ஊசி போடுற மெஷினும் வந்துருக்கு.

கேள்வி: ஏத்துற புரோட்டீன் உள்ள போய் என்னம்மா பண்ணும்? விஷமா அது? செல்ல கொன்னுடுமா? (பிடோக், ஓய்வுபெற்ற ஆசிரியர்)

ஐயா, நீங்க கேட்ட இந்த கேள்விக்காகவே இந்த மாசம் நான் எழுத உக்காந்தேன். விஷம்னா நாம என்ன நெனைக்கிறோம், உள்ள போய் அழிக்கிறதுன்னு. இங்க முக்காவாசி அப்படி இல்ல. கிருமி அனுப்புற புரோட்டீன் நம்ம செல்லுக்குள்ள ஏற்கனவே இருக்குற ஆளுங்க மாதிரியே வேஷம் கட்டிக்கிட்டு, நம்ம செல்லோட ஸ்விட்ச்சயே போட்டு அணைக்குது.

சால்மனெல்லாவையே எடுத்துக்குவோம். குடல் செல்லு சாதாரணமா எதையும் அப்படி வாரி விழுங்குற செல்லு இல்ல. ஆனா அதுக்குள்ள ஆக்டின்னு ஒரு புரோட்டீன் இருக்கு, செல்லுக்கு எலும்புக்கூடு மாதிரி, கூடாரத்துக்கு கம்பு மாதிரி. அந்த கம்ப எங்க நடணும் எங்க புடுங்கணும்னு முடிவு பண்ற ஸ்விட்ச்சுங்க இருக்கு, ராக் 1, சிடிசி 42ன்னு பேரு. சால்மனெல்லா ஊசி வழியா சாப்-இ ன்னு ஒன்ன அனுப்புது, அது நேரா போய் இந்த ஸ்விட்ச்ச போட்டு விடுது, அவ்ளோதான், நம்ம செல்லு யாரோ வீட்டுக்காரங்க சொன்னாங்கன்னு நம்பி உறைய அலை அலையா மேல தூக்கி, அந்த கிருமிய அதுவே கட்டிப்புடிச்சு உள்ள இழுத்துக்குது. கிருமி கதவ உடைக்கல, நம்ம ஆளே தாழ்ப்பாள தொறந்து விட்டாச்சு. வேலியே பயிர மேஞ்ச கதைன்னு சொல்லுவாங்களே, அதுக்கு இதவிட பொருத்தமான எடம் இருக்கான்னு தெரியல.

இதுக்கப்புறம் நடக்குறதுதான் ஐயா அதிசயம். அதே ஊசியில அதே நேரத்துல எஸ்பிடிபி ன்னு இன்னொரு புரோட்டீனும் போகுது, அதோட வேலை சாப்-இ போட்ட ஸ்விட்ச்ச அணைக்கிறது! ரெண்டும் ஒன்னா போனா ஒன்ன ஒன்னு அடிச்சுக்காதா? 2003ல கலான் லேப்லதான் அதுக்கும் விடை கெடச்சுது. நம்ம செல்லுக்குள்ள வேண்டாத புரோட்டீன அரைச்சு தள்ளுற ஒரு மெஷின் இருக்கு, புரோட்டியசோம்னு பேரு, சாப்-இ உள்ள போன கொஞ்ச நேரத்துல அந்த மெஷின்ல மாட்டி காலி ஆயிடும், எஸ்பிடிபி அவ்ளோ சீக்கிரம் மாட்டாம கொஞ்ச நேரம் தங்கும். அதாவது மொதல் ஆளு கதவ தொறந்துட்டு காலி, ரெண்டாவது ஆளு இருந்து கதவ சாத்தி, கலைஞ்ச வீட்ட ஒழுங்கு பண்ணி, செல்லு பழையபடி ஆக வச்சிடுது. எந்த வேலை மொதல்ல எந்த வேலை அப்புறம்ங்கிற கணக்க கூட கிருமி நம்ம குப்பை மெஷின வச்சே போட்டுக்குது. செல்லு செத்துட்டா கிருமிக்கு தங்க எடமில்லையே, அதான் இவ்ளோ அக்கறை. உள்ள போனதும் ஒரு பைக்குள்ள உக்காந்துகிட்டு ரெண்டாவதா வேற ஒரு ஊசி செட்ட வெளிய எடுக்குது, அது அந்த பைக்கு உள்ள இருந்துகிட்டே வெளிய செல்லுக்குள்ள புரோட்டீன் அனுப்பறதுக்கு.

எல்லா கிருமியும் உள்ள வரத்தான் ஊசி போடுதுன்னு நெனச்சுடாதீங்க. பிளேக் கிருமி யெர்சினியா நேர் எதிர். அத விழுங்க வர்ற வெள்ளை அணுவ பார்த்து ஊசி போடும், யாப்-எச் ன்னு ஒரு புரோட்டீன் உள்ள போய், 'விழுங்கு'ன்னு வெள்ளை அணுவுக்குள்ள ஓடுற சேதியையே அழிச்சுடும், வாய தொறந்த அணு தொறந்தபடியே நிக்கும். சின்ன புள்ளைங்களுக்கு பேதி வரவைக்கிற ஒருவகை ஈ கோலை இருக்கு, அது செய்யுறத கேட்டா அசந்துடுவீங்க. அதுக்கு நம்ம குடல் செல்லுல ஒட்டிக்கணும், ஆனா ஒட்டுறதுக்கு தோதான கொக்கி நம்ம செல்லுல இல்ல. அதனால கொக்கியையும் அதுவே செஞ்சு ஊசி வழியா நம்ம செல்லுக்குள்ள அனுப்பி, அந்த கொக்கி செல்லோட உறையில போய் நின்னதும் அதுல தான் மாட்டிக்குது. டிர்னு அதுக்கு பேரு, 1997ல கனடாவுல வான்கூவர்ல பிரெட் ஃபின்லே குழு கண்டுபுடிச்சது. விருந்துக்கு வர்றவன் உக்கார நாற்காலியையும் கூடவே தூக்கிட்டு வந்து நம்ம கூடத்துல போட்டுக்குற மாதிரி.

கேள்வி: காலராவுக்கும் இந்த ஊசிதானா? எங்க பாட்டி வாந்திபேதி வந்து ஊரே காலியான கதைய சொல்லுவாங்க. (தோ பாயோ வாசகர்)

இல்லங்க, காலராவோட பேதி வேற வழி. அந்த கிருமி நம்ம செல்ல துளைக்கிறதே இல்ல, குடல் மேல உக்காந்துகிட்டு ஒரு டாக்சின, அதாவது நச்சுப் பொருள, வெளிய விடுது, அந்த டாக்சினே தனக்குத்தானே வழி பார்த்து உள்ள போகுது. அஞ்சு துண்டு சேர்ந்த ஒரு அடிப்பகுதி செல்லு மேல இருக்குற ஒரு கொழுப்புப் பொருள புடிச்சுக்கும், கூட வந்த ஒரு துண்டு உள்ள போய் ஒரு ஸ்விட்ச்ச 'ஆன்'லயே பூட்டி வச்சிடும். குழாய தொறந்து விட்டு கைப்பிடிய ஒடச்ச மாதிரி, குடல் செல்லு உப்பையும் தண்ணியையும் கொட்டிக்கிட்டே இருக்கும், மோசமான கேஸ்ல ஒரு நாளைக்கு பத்து இருபது லிட்டர் கூட போகும்.

இத கண்டுபுடிச்சவர பத்தி சொல்லாம போக எனக்கு மனசு வராது. 1884லயே கல்கத்தாவுல வச்சு காலரா கிருமிய அடையாளம் காட்டுன ராபர்ட் கோக், இது ஏதோ விஷத்தாலதான் வேலை செய்யுதுன்னு சொல்லிட்டு போயிட்டார், ஆனா அத நிரூபிக்க எழுபத்தஞ்சு வருஷம் ஆச்சு. அதே கல்கத்தாவுல சம்பு நாத் டே ங்கிற டாக்டர், முயலோட குடல்ல ஒரு துண்ட ரெண்டு பக்கமும் நூலால கட்டி, காலரா கிருமிய வளத்த தண்ணிய கிருமியே இல்லாம வடிகட்டி அத மட்டும் அதுல செலுத்துனார், அந்த குடல் துண்டு தண்ணியா ஊதிப் போச்சு. கிருமி வேண்டாம், அது விட்ட பொருளே போதும்னு 1959ல நேச்சர் பத்திரிகையில எழுதுனார். பெரிய வசதி எதுவும் இல்லாத லேப்ல நூலும் முயலும் வச்சு செஞ்ச வேலை. அவருக்கு கெடைக்க வேண்டிய பேரு வாழ்நாள்ல சரியா கெடைக்கல, 1978ல நோபெல் சிம்போசியத்துக்கு கூப்பிட்டாங்க, 1985ல காலமாயிட்டார். நம்ம புள்ளைங்களுக்கு இவரு பேர சொல்லிக் குடுங்கன்னு கையெடுத்து கேட்டுக்குறேன்.

கேள்வி: ஒரு விசேஷத்துல சாப்பிட்டு எங்க குடும்பத்துல நாலு பேருக்கு பேதியும் காய்ச்சலும். கிளினிக்ல வெறும் உப்பு சர்க்கரை பாக்கெட்டும் ரெண்டு மாத்திரையும் குடுத்து அனுப்பிட்டாங்க, ஆன்டிபயாட்டிக் கேட்டும் தரல. அப்புறம் டெஸ்ட்ல சால்மனெல்லான்னு வந்துச்சு. எனக்கு இன்னும் கோவம் அடங்கல. (செங்காங் வாசகி)

உங்க கோவம் புரியுதும்மா, நாலு பேரு வீட்டுல ஒரே நேரத்துல படுத்தா யாருக்குத்தான் பதறாது. ஆனா அந்த டாக்டர் செஞ்சது சரி. மத்தபடி ஆரோக்கியமா இருக்குற பெரியவங்களுக்கு சாதாரண சால்மனெல்லா பேதியில ஆன்டிபயாட்டிக் குடுத்தா பேதி சீக்கிரம் நிக்கிறதில்ல, கிருமி குடல்ல இன்னும் ரொம்ப நாள் தங்கிடக்கூட வாய்ப்பு இருக்கு.

காரணத்த சொல்றேன். ஊசி போட்டு கிருமி உள்ள வந்ததும் நம்ம செல்லு கண்டுபுடிச்சுடுது, ஊசி செஞ்ச புரோட்டீனையே மோப்பம் புடிக்கிற காவல் புரோட்டீன்கள் நம்ம செல்லுல இருக்கு, அது அலாரம் அடிச்சு குடல்ல அழற்சி ஆரம்பிச்சு வெள்ளை அணுவெல்லாம் வந்து குவியுது. நமக்கு வர்ற வலி, காய்ச்சல், பேதி பெரும்பாலும் இந்த சண்டையோட விளைவுதான். ஆனா சால்மனெல்லா அந்த நெருப்புலயும் குளிர் காயுது. அழற்சியில டெட்ராதயோனேட்னு ஒரு கந்தகப் பொருள் உருவாகும், நம்ம குடல்ல இருக்குற நல்ல பாக்டீரியாவுங்க பலதுக்கு அத வச்சு ஒன்னும் பண்ண முடியாது, சால்மனெல்லாவுக்கு அது மூச்சு விட காத்து மாதிரி. 2010ல எலிங்கள வச்சு செஞ்ச ஆராய்ச்சி இது. லேப்ல சால்மனெல்லாவ புடிக்க டெட்ராதயோனேட் கலந்த குழம்புல, அதாவது கிருமி வளக்குற சத்து திரவத்துல, வளக்குறது எங்க தொழில்ல ரொம்ப பழைய வழக்கம், நானே எத்தனையோ தடவ அந்த குழம்ப கலக்கியிருக்கேன், மறுநாள் தட்டுல தேச்சு அதுக்கு அடுத்த நாள் செவப்பு தட்டுல கருப்பு பொட்டு வச்ச காலனிங்கள பார்த்திருக்கேன், ஆனா அதே விஷயம் உயிரோட இருக்குற குடலுக்குள்ளயும் நடக்குதுன்னு தெரிஞ்சப்ப எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரல. இப்ப நீங்களே யோசிங்க, அந்த நேரத்துல நல்ல பாக்டீரியாவையும் மருந்து போட்டு காலி பண்ணா யாருக்கு லாபம்?

அந்த உப்பு சர்க்கரை பாக்கெட்ட வெறும் பாக்கெட்னு சொல்லாதீங்க. சர்க்கரையும் உப்பையும் சேர்த்து உறிஞ்சுற ஒரு வாசல் குடல் செல்லுல இருக்கு, காலரா டாக்சினால கூட அந்த வாசல மூட முடியாது. 1971ல பங்களாதேஷ் போர் நேரத்துல பங்காவோன் அகதி முகாம்ல டாக்டர் திலிப் மஹாலனாபிஸ் டிரம்முல கலக்கி வச்சு குடுத்து எத்தனையோ உயிர காப்பாத்துனது அந்த தண்ணியத்தான்.

ஆனா கைக்குழந்தை, வயசானவங்க, எதிர்ப்பு சக்தி கொறஞ்சவங்க, ரத்தத்தோட பேதி, எறங்காத காய்ச்சல், இதெல்லாம்னா கதை வேற, உடனே காட்டணும், அப்ப ஆன்டிபயாட்டிக் தேவைப்படலாம். டைஃபாய்டும் வேற கதை, அதுக்கு மருந்து கட்டாயம்.

கேள்வி: அப்ப கோப்பிக்கடையில அரைவேக்காட்டு முட்டை சாப்பிடலாமா வேணாமா, ஒரே வார்த்தையில சொல்லுங்க. (புக்கிட் பாத்தோக் வாசகர்)

உங்களுக்கு வயசு 65க்கு மேல, இல்ல எதிர்ப்பு சக்தி கொறைக்கிற மருந்து சாப்பிடுறீங்க, இல்ல வீட்டுல கர்ப்பிணியோ சின்ன புள்ளையோ இருந்தா அவங்களுக்கு வேணாம். மத்தவங்க தெரிஞ்சு சாப்பிடுங்க. முட்டையோ கோழியோ நடுப்பகுதி 75 டிகிரி தொட்டுச்சுன்னா கிருமியும் காலி, ஊசியும் காலி.

கேள்வி: எனக்கு பல வருஷமா அல்சர். இப்ப மூச்சு டெஸ்ட்ல எச் பைலோரின்னு வந்துருக்கு. நெட்ல தேடுனா அதுவும் புரோட்டீன் ஏத்துது, கேன்சர் வரும்னு போட்டிருக்கு, தூக்கமே போச்சு. (உட்லண்ட்ஸ் வாசகர்)

தம்பி, மொதல்ல நிம்மதியா இருங்க, இது குணப்படுத்தக்கூடிய ஒன்னு. நீங்க படிச்சதுல பாதி உண்மை. எச் பைலோரிகிட்டயும் ஒரு கருவி இருக்கு, டைப் 3 இல்ல, டைப் 4, அது பரம்பரையே வேற, பாக்டீரியா ஒன்னுக்கொன்னு மரபணுவ கைமாத்திக்கிற கருவியோட சொந்தம். எல்லா எச் பைலோரிகிட்டயும் இது இருக்காது. இருக்குற வகை காக்-ஏ ன்னு ஒரு புரோட்டீன வயித்து செல்லுக்குள்ள ஏத்தும். உள்ள போனதும் நம்ம செல்லோட என்சைமே அதுக்கு பாஸ்பேட் முத்திரை குத்தி விடுது, முத்திரை விழுந்த காக்-ஏ, ஷிப்-2 ன்னு நம்ம புரோட்டீன் ஒன்ன புடிச்சு, செல்லு வளர்ற சேதியயும் பக்கத்து செல்லோட ஒட்டியிருக்குற புடியையும் கொழப்புது. இதுவும் நம்ம ஆள வச்சே நம்ம வீட்ட கலைக்கிற வேலைதான். கிழக்கு ஆசியாவுல பரவலா இருக்குற காக்-ஏ வகை அந்த ஷிப்-2வ இன்னும் இறுக்கமா புடிக்கும்.

1994ல உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் ஆராய்ச்சி அமைப்பு எச் பைலோரிய மொதல் வகை கேன்சர் காரணியா சேர்த்தது உண்மைதான், ஆனா இந்த கிருமி இருக்குறவங்கள்ல ரொம்ப கொஞ்சம் பேருக்குத்தான் கேன்சர் வருது, அதுவும் பல பத்து வருஷம் கழிச்சு. இந்த கிருமிக்கும் அல்சருக்கும் சம்பந்தம் இருக்குன்னு யாரும் நம்பாதப்ப, ஆஸ்திரேலியாவுல பேரி மார்ஷல் 1984ல அந்த கிருமிய தானே குடிச்சு இரைப்பை அழற்சி வரவச்சு காட்டுனார், ராபின் வாரனோட சேர்த்து அவருக்கு 2005ல நோபெல் பரிசு. டாக்டர் குடுக்குற ரெண்டு வாரத்து மாத்திரைய ஒரு வேளை விடாம முடிங்க, பாதியில நல்லாயிருக்குன்னு நிறுத்தாதீங்க, முடிச்சு ஒரு மாசம் கழிச்சு திரும்ப மூச்சு டெஸ்ட் எடுத்து போயிடுச்சான்னு பாருங்க. வீட்டுல வேற யாருக்காவது வயித்து தொந்தரவு இருந்தா அவங்களும் கேட்டுக்கலாம், இது குடும்பத்துக்குள்ள பரவுற கிருமி.

கேள்வி: மொகத்துல சுருக்கம் போக போடுற போடாக்ஸ் கூட பாக்டீரியா புரோட்டீன்னு கூட வேலை பார்க்குறவங்க சொல்றாங்க, உண்மையா அக்கா? (ஆர்ச்சர்ட் பக்கம் வேலை பார்க்கும் வாசகி)

உண்மைதான். கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம்ங்கிற கிருமி செய்யுறது. இந்த டாக்சின் நரம்பு நுனியில ஒட்டிக்கும், நரம்பு அத ஒரு சின்ன பையில உள்ள இழுத்துக்கும், அந்த பைக்குள்ள புளிப்பு ஏறுனதும் டாக்சினோட பெரிய துண்டு பையோட சுவர்ல ஒரு ஓட்டைய கட்டி, சின்ன துண்டு சுருள் பிரிஞ்சு நூலா வெளிய எறங்கும். கிருமி பக்கத்துல இருக்கவே வேணாம், தூரத்துலேர்ந்தே வேலை நடக்கும். உள்ள போன துண்டு ஒரு கத்திரிக்கோல், தசைக்கு சேதி அனுப்ப நரம்புக்கு வேணும்கிற ஸ்நாப்-25ங்கிற புரோட்டீன வெட்டி விட்டுடும், தசை அசையாது, சுருக்கம் விழாது, மூனு நாலு மாசத்துல நரம்பு தேறி வந்துடும். மொதல்ல இத மருந்தா கொண்டு வந்தது கண்ணு மாறுகண்ணா இருக்குறவங்களுக்காக. இதோட ஒன்னு சொல்லிடுறேன், இந்த கிருமியோட வித்து தேன்ல இருக்கலாம், ஒரு வயசு ஆகாத கைக்குழந்தைக்கு தேன் தொட்டு வைக்கிற பழக்கம் நம்ம வீடுகள்ல இன்னும் இருக்கு, தயவுசெஞ்சு வேணாம்.

கேள்வி: எங்க அப்பாவுக்கு 68 வயசு, சர்க்கரை இருக்கு. புளோக் கீழ சமூகத் தோட்டத்துல வெறும் கையோட மண்ண கிண்டுறாரு, மழை பெய்ஞ்சாலும் போறாரு. மண்ணுல ஏதோ கிருமி இருக்காமே? (ஈசூன் வாசகி)

இருக்கும்மா. அப்பாவ தோட்டத்துக்கு போகவே கூடாதுன்னு தடுக்காதீங்க, ஆனா கையுறை வேணும், காலுக்கு மூடுன பூட்ஸ் வேணும், புண்ணு இருந்தா தண்ணி புகாத பிளாஸ்டர் வேணும், கனமழையில வேலை வேணாம், முடிச்சதும் சோப்பு போட்டு கழுவணும். இத இன்னிக்கே சொல்லுங்க.

அந்த கிருமிக்கு பேரு பர்க்ஹோல்டேரியா சூடோமாலியை, வர்ற நோய் மெலியாய்டோசிஸ். இத மொதமொதல்ல 1911ல ரங்கூன்ல பார்த்தவங்க ஆல்ஃபிரட் விட்மோர், கூட சி. எஸ். கிருஷ்ணசாமி. அந்த ரெண்டாவது பேர படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நிமிஷம் நிக்கத் தோணும், பிணவறையில வச்சு சீழ்கட்டிகள அறுத்து பார்த்து, இது ஏற்கனவே தெரிஞ்ச நோய் இல்ல, புதுசுன்னு சொன்ன ரெண்டு பேருல ஒருத்தர். தென்கிழக்கு ஆசியா முழுக்க, சிங்கப்பூர் மண்ணுலயும்தான் இது இருக்கு, மழை காலத்துல ஜாஸ்தி, சர்க்கரை நோயாளிங்கள அதிகமா தாக்கும்.

இது ஊசியோட கிருமி மட்டும் இல்ல, ரெண்டு கருவி வச்சிருக்கு. சால்மனெல்லாவோடத போலவே ஒரு டைப் 3 ஊசி, அத வச்சு, தன்ன அடைச்சு வச்ச பைய ஒடச்சுக்கிட்டு செல்லுக்குள்ள தப்பிச்சு வருது. அடுத்தது டைப் 6, இது பாக்டீரியாவ தாக்குற வைரஸோட வால் மாதிரி செஞ்ச கருவி, ஸ்பிரிங் சுருங்குனா ஈட்டி பாயுற மாதிரி. அத வச்சு பக்கத்து பக்கத்து செல்லோட உறைய ஒன்னா ஒட்டி ஒரே பெரிய செல்லாக்கிடும், அப்புறம் வெளியவே வராம செல்லு விட்டு செல்லு நடந்து போகுது. வெளிய வந்தாதானே ரத்தத்துல இருக்குற எதிர்ப்பு புரோட்டீனுங்க புடிக்கும். அதனாலதான் வைத்தியமும் நீளம், குறைஞ்சது ரெண்டு வாரம் நரம்பு வழியா மருந்து, அப்புறம் மூனு மாசம் போல மாத்திரை. அப்பாவுக்கு மண்ணுல வேலை பார்த்த ரெண்டு மூனு வாரத்துக்குள்ள விடாத காய்ச்சல், இருமல், இல்ல தோல்ல கட்டி வந்தா டாக்டர்கிட்ட 'தோட்ட வேலை பார்க்குறாரு, சர்க்கரை இருக்கு'ன்னு நீங்களா சொல்லுங்க, அந்த ஒரு தகவல் டெஸ்ட் போற திசையையே மாத்தும்.

கேள்வி: கிருமிக்கு கண்ணு இல்ல, மூளை இல்ல. எப்ப ஊசி போடணும்னு அதுக்கு எப்படி தெரியும்? (தொடக்கநிலை 5 மாணவன், பொங்கோல், அம்மா டைப் பண்ணி அனுப்பியது)

கண்ணா, பெரியவங்க அனுப்புன கேள்வி எல்லாத்தையும்விட உன் கேள்விய நான் ரெண்டு தடவ படிச்சேன். கண்ணு இல்லன்னாலும் கிருமியால சூட உணர முடியும். பிளேக் கிருமி வெளிய குளிர்ல இருக்கும்போது ஊசி செய்யவே செய்யாது, 37 டிகிரி, அதாவது உன் உடம்பு சூடு வந்ததும்தான் செய்ய ஆரம்பிக்கும். சுத்தி எவ்ளோ உப்பு, எவ்ளோ ஆக்சிஜன், எவ்ளோ புளிப்புன்னும் பாத்துக்கும், அத வச்சு குடலுக்கு வந்தாச்சுன்னு தெரிஞ்சுக்கும். கடைசியா ஊசி நுனி ஒரு செல்ல தொட்டா அந்த தொடுற சேதி கீழ வரைக்கும் போகும், அப்பதான் கதவு தொறக்கும். நீ கைய கழுவுனா அந்த நுனி தொடுறதுக்கு உன் செல்லு கெடைக்காது.

கேள்வி: கிருமிய கொல்லாம ஊசிய மட்டும் முறிக்கிற மருந்து வராதா? (கிளிமெண்டி, பாலிடெக்னிக் மாணவர்)

அத பல லேப்ல தேடிக்கிட்டு இருக்காங்க. ஊசி செய்யுறத தடுக்குற சின்ன சின்ன ரசாயனங்கள் லேப்ல கெடச்சிருக்கு, சூடோமோனாஸ் கிருமியோட ஊசி நுனிய அடைக்கிற ஆன்டிபாடி மனுஷங்ககிட்ட சோதனை வரைக்கும் போயிருக்கு. கிருமிய கொல்லலன்னா, மருந்துக்கு தப்புற வகை மட்டும் பொழச்சு பெருகுற நெருக்கடி கொறையும்ங்கிறது நம்பிக்கை, குடல்ல இருக்குற நல்ல பாக்டீரியாவும் தப்பிக்கும். ஆனா மருந்துக்கடையில வாங்குற மாதிரி ஒன்னு இன்னும் வரல. நோயாளி வந்து படுக்குற நேரத்துக்குள்ள ஊசி வேலைய முடிச்சிருக்கும்ங்கிறதும் ஒரு சிக்கல்.

உங்கள மாதிரி படிக்கிற புள்ளைங்களுக்கு இன்னொரு பக்கத்தையும் காட்டணும்னு ஆசை. புழுவுக்குள்ள குடியிருந்து பூச்சிய கொல்ல உதவுற ஃபோட்டோராப்டஸ்னு ஒரு பாக்டீரியா, அது ஊசிய தன் உடம்புல வச்சுக்காம தனியா செஞ்சு வெளிய விட்டுடும். 2023ல ஃபெங் ஜாங் குழு அந்த தனி ஊசியோட நுனிய மாத்தி, பூச்சி செல்லுக்கு பதிலா மனுஷ செல்ல புடிக்கிற மாதிரி செஞ்சு, உள்ள தங்களுக்கு வேணும்கிற புரோட்டீன ஏத்தி அனுப்புனாங்க, மரபணுவ திருத்துற புரோட்டீன் உட்பட. லேப்ல வளத்த மனுஷ செல்லுலயும் உயிரோட இருக்குற எலியிலயும் அது சரக்க எறக்குச்சு. மருந்து புரோட்டீன செல்லுக்குள்ள கொண்டு போறது இன்னிக்கு வைத்தியத்துல ரொம்ப கஷ்டமான வேலை, அந்த வேலைக்கு கிருமியோட ஊசியையே இப்ப கேட்டு வாங்கியிருக்காங்க. உங்க பாலிடெக்னிக் லைப்ரரியில நேச்சர் வரும், அந்த வருஷத்து ஏப்ரல் இதழ எடுத்து படத்த மட்டுமாவது பாருங்க, புரியாத எடத்த எனக்கு எழுதுங்க, அடுத்த மாசம் சேர்ந்து படிப்போம்.